பூசணிக்காய் காசுல போட்ட வெப்சைட்

என் தங்கச்சி ரூத்து குவைத்துல இருந்து போன் பண்றது நின்னு போனது 2005ஆம் வருசக் கடைசியில, விடாம மழை அடிச்ச காலத்துல. அவ இருக்காளா செத்துட்டாளானு கூடத் தெரியாம நாங்க ஒரு வருசத்துக்கும் மேல கெடந்தோம். அந்தக் காலத்துல ஆண்டவர் எங்களுக்கு என்ன செஞ்சாருங்கிறதைத் தான் இப்ப எழுதுறேன். மைக்கு முன்னால நின்னு அழுது சாட்சி சொல்ல எனக்கு வராது. நடந்ததை நடந்த மாதிரி சொல்லிட்டுப் போறேன்.

என் பேர் எஸ்தர். இலங்கை மலைநாட்டுல வட்டவளைக்கு மேல இருக்கிற வெள்ளப்பாறை தேயிலைத் தோட்டம் எங்க ஊரு. நாங்க சின்னப் புள்ளைங்களா இருக்கிறப்பவே அப்பா தவறிட்டாங்க. அம்மா கொழுந்து எடுத்துத் தான் எங்க ரெண்டு பேரையும் ஆளாக்கினாங்க. ரூத்து எனக்கு இளையவ. 2003ல வீட்டு வேலைக்குனு குவைத்துக்குக் கிளம்பினா. போக வேணாம்னு நான் சண்டை பிடிச்சேன், ரெண்டு நாள் பேசாம கூட இருந்து பார்த்தேன். கேக்கலை. கூரைத் தகரத்தை மாத்துற அளவுக்குச் சம்பாதிச்சதும் வந்துடுவேன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டா.

நான் அப்ப ஹட்டன் டவுன்ல ஒரு கொமினிகேசன்ல வேலை. போன் பேச, போட்டோ கொப்பி அடிக்க, கடிதம் டைப் பண்ணிக்க ஆளுங்க வர்ற சின்னக் கடை. ரூத்து அந்தக் கடை நம்பருக்குத் தான் போன் எடுப்பா. அவ வீட்டு மேடம் எப்பவாவது மனசு வச்சா ஒரு போன், அவ்வளவு தான். அந்த மழையில கடைக்குப் பின்னால இருந்த மண் மேடு சரிஞ்சு சுவர் இடிஞ்சு போச்சு. முதலாளி கடையை பஜாருக்கு அந்தக் கோடிக்கு மாத்தினாரு. பழைய லைன் கூட வரலை. புது நம்பர் குடுத்தாங்க. நான் உடனே ரூத்துக்குக் கடிதம் போட்டேன். பதில் இல்ல. மறுபடி போட்டேன். அதுக்கும் இல்ல.

மொதல்ல மேடம் வீட்டுக்காரங்க எங்கயாவது பயணம் போயிருப்பாங்கனு நெனச்சோம். கிறிஸ்மஸ் வந்துச்சு. கிறிஸ்மஸுக்காவது எடுப்பானு அம்மா காலையில ஆராதனை முடிஞ்ச கையோட பஸ் ஏறி கடைக்கு வந்துட்டாங்க. கடை பூட்டி இருக்கிற நாள் அது. முதலாளிகிட்ட கெஞ்சிச் சாவி வாங்கி, நாங்க ரெண்டு பேரும் உள்ள உக்காந்திருந்தோம். போன் அடிக்கவே இல்ல.

அதுக்கப்புறம் சம்பள நாளுக்கு டவுனுக்கு வந்தா அம்மா கடையில வந்து பெஞ்சுல உக்காருவாங்க. போன் அடிச்சா எழும்பி நிப்பாங்க. யாரோ எவரோ பேசுவாங்க. திரும்பவும் உக்காருவாங்க. நான் என்ன வேலை செஞ்சேன்? அடுத்தவங்க புள்ளைங்களுக்கு லைன் போட்டுக் குடுக்கிற வேலை. ரியாத்துக்கு, துபாய்க்கு, பேரூத்துக்கு. உள்ள நின்னு தாய்மாருங்க "சாப்பிட்டியாம்மா, சாப்பிட்டியாம்மா"னு கத்திக் கேப்பாங்க. நான் வெளிய உக்காந்து நேரம் பார்த்துக் காசு வாங்கணும். சில நாள் எனக்கு அவங்க மேலயே எரிச்சல் வரும். உண்மையைச் சொல்லணும்ல, வந்துச்சு.

அனுப்பி வச்ச ஏஜன்டைத் தேடினோம். லயம் லயமா, தோட்டத்து வரிசை வீடு ஒவ்வொன்னா நடந்து பொண்ணுங்களைச் சேர்த்த ஆள் அவன். நாங்க தேடுற நேரம் ஆளும் இல்ல, அவன் குடுத்த விலாசமும் இல்ல. கொழும்புல வெளிநாட்டு வேலைக்கு ஆள் பதியிற ஆபீஸுக்குப் போய் விசாரிச்சோம். பேரைச் சொன்னோம், பொறப்புச் சான்றிதழைக் காட்டினோம். கம்பியூட்டர்ல பார்த்துட்டு, இப்படி ஒரு ஆள் குவைத்துக்குப் போகவே இல்லைனுட்டாங்க. எனக்குச் சிங்களம் நல்லா வரும். நல்லாவே சண்டை போட்டேன். கம்பியூட்டர்ல பேர் இல்லாத ஆளை எங்க இருந்து அவங்க கொண்டு வந்து காட்டுறது? ரயில்ல திரும்பி வர்றப்ப அம்மா ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

"அப்ப நம்ம யாரை ஏத்தி அனுப்பினோம்?"

நான் பொறப்புச் சான்றிதழை மடிச்சுப் பைக்குள்ள வச்சேன்.

தோட்டத்துல வாய் சும்மா இருக்குமா? எவனையோ கட்டிக்கிட்டுப் போயிட்டாளாம், பேரை மாத்திக்கிட்டாளாம், அம்மாவையே மறந்துட்டாளாம். பீலியில தண்ணி பிடிக்கிற எடத்துல ஒருத்தி அப்படிச் சொன்னதுக்கு நான் அவ குடத்தைத் தூக்கி எறிஞ்சேன். நான் வாய்க்காரினு நம்ம சபையில எல்லாருக்கும் தெரியும். அன்னைக்குக் கைக்காரியும் ஆயிட்டேன். அம்மா மட்டும் யாரையும் ஒன்னும் சொல்லலை. விடியக்காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போறதுக்கு முன்னால முழங்கால்ல நிப்பாங்க. வெள்ளிக்கிழமை உபவாசம். பெரிய ஜெபம் ஒன்னும் இல்ல. "அவ சத்தத்தை ஒரு தடவை கேக்க வையுங்க ஆண்டவரே." அதையே தான் சொல்லுவாங்க. நான் பக்கத்துல நின்னாலும் எனக்கு வாய் வராது. நான் ஜெபத்தை விட்டே கொஞ்ச காலம் ஆகியிருந்துச்சு.

இந்த நேரத்துல தான் வெப்சைட் பேச்சு வந்துச்சு.

2006ல நம்ம சபைக்கு நூறு வருசம். தோட்டத்தை விட்டுப் போனவங்க எத்தனையோ பேர், வவுனியாவுல, இந்தியாவுல, வெளிநாட்டுல எல்லாம் இருக்காங்க. அவங்க எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு வெப்சைட் செய்யணும்னு போதகர் ஐயாவுக்கு ஆசை. கமிட்டியில கேட்டப்ப முக்கால்வாசிப் பேருக்கு அது என்னனே தெரியலை. பொருளாளர் தேவசகாயம் ஐயா, கோயில் கூரை ஒழுகுது, இதுல என்ன சைட்டு வேண்டிக் கிடக்குனு கேட்டாரு. அவர் கேட்டதும் நியாயம் தான். கடைசியில போதகர் ஐயா என்னைப் பார்த்தாங்க. ஹட்டன்ல கம்பியூட்டர் கோஸ் படிச்சது சபையில அப்ப நான் ஒருத்தி தான். செய்றேன்னேன். மனசில்லாமத் தான் சொன்னேன்.

காசு எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையா வர்ற விளைச்சலை விடுற ஏலத்துல இருந்து. நம்ம வழக்கம் உங்களுக்கே தெரியும், ஏலம் எடுத்தவரே பொருளை ஆண்டவருக்குனு திருப்பிக் குடுப்பாரு, அதையே மறுபடி ஏலம் விடுவாங்க. அந்த வருசம் தேவசகாயம் ஐயா லயத்துத் தோட்டத்துல விளைஞ்ச ஒரு பூசணிக்காய் அப்படிச் சுத்திச் சுத்தி வந்துச்சு. கடைசியில யாரோ ஒருத்தர் கறி வைக்கக் கொண்டு போனாங்க. அந்தப் பூசணிக்காய் சேர்த்த காசை வெப்சைட்டுக்குனு ஒதுக்கினாங்க. அன்னையில இருந்து அதுக்குப் பேரே பூசணிக்காய் வெப்சைட் தான்.

அந்தக் காசுக்கு நெட்டுல சொந்தமா இடம் வாங்க முடியாது. சும்மா இடம் குடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனிங்க அப்ப இருந்துச்சு. பக்கத்தை நம்மளே எழுதி ஏத்திக்கலாம், அவங்க மேல விளம்பரம் போட்டுக்குவாங்க. அப்படி ஒரு இடத்தைப் பிடிச்சேன். பூசணிக்காய் காசு முழுக்க போன் பில்லுக்குத் தான் போச்சு. கடையில நெட் போறதும் அந்த ஒரே போன் லைன்ல தானே. நான் நெட்டுல இருந்தா வெளிய இருந்து வர்ற போன் உள்ள வராது. அதனால மத்தியானம் ஆள் இல்லாத நேரத்துல கொஞ்சம் செய்யச் சொல்லி முதலாளி விட்டாரு. அந்தக் கொஞ்ச நேரமும் எனக்கு ஒரே யோசனை தான். இப்ப ரூத்து எடுத்தா? லைன் பிசினு வெச்சிட்டா? அவளுக்குப் புது நம்பர் கிடைச்சிருக்குமானே தெரியாது, இருந்தாலும் அப்படித் தான் மனசு அடிக்கும். ஒரு வரி எழுதுவேன், லைனை விடுவேன், போனையே பார்ப்பேன்.

இங்கிலீஸ் எழுத்துக்கு எங்க சபைக்கு வர்ற மாஸ்டர் உதவி செஞ்சாரு. யாழ்ப்பாணத்து மனுசன், ரூத்து போனதுக்கு அப்புறம் தான் ஹட்டன் ஸ்கூலுக்கு மாறி வந்தாரு. தமிழ்ல எழுதினா எங்க கம்பியூட்டர்ல மட்டும் தமிழாத் தெரிஞ்சுச்சு. வேற எடத்துல திறந்தா எலி கொறிச்ச மாதிரி என்னென்னமோ எழுத்து வந்துச்சு. அதனால தலைப்பு, ஆராதனை நேரம், கடை போன் நம்பர் எல்லாம் இங்கிலீஸ் எழுத்துலயே போட்டோம். தலைப்புல "வெள்ளப்பாறை சபை, ஹட்டன்". அதுக்குக் கீழ ஒரு போட்டோ வேணும்.

எங்கிட்ட ஒரு பாடகர் குழு போட்டோ இருந்துச்சு, ரூத்து போறதுக்கு முந்தின கிறிஸ்மஸுக்குக் கோயில் வாசல்ல எடுத்தது. அம்மா முன் வரிசையில. ரூத்து அவங்களுக்குப் பின்னால. வெயில் மூஞ்சியில அடிச்சு ரூத்து கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நிக்கிறா. ஸ்கேன் பண்ணித் திரையில போட்டதும் மாஸ்டர் குனிஞ்சு பார்த்தாரு.

"பிள்ளை, இந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டெல்லோ நிக்கிறா. வேறை நல்ல படம் இல்லையே?"

அது என் தங்கச்சி மாஸ்டர்னு சொன்னேன். அவ இருக்கிற படம் இது ஒன்னு தான்னும் சொன்னேன். அந்த ஆவணியில மறுபடி சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துக்குப் போற பாதையை மூடி வச்சிருந்தாங்க. அவருக்கும் அங்க தாய் இருந்தாங்க. அப்புறம், படம் சின்னனாக் கிடக்கு, இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடுங்கோனு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு.

அந்தப் போட்டோவை ஏத்துறதுக்குள்ள உசிர் போச்சு. பாதியில லைன் விழும், மறுபடி மொதல்ல இருந்து. திரும்பத் திரும்ப விழுந்து, கடைசியில நான் மேசையில தலையை வச்சுட்டேன். ரொம்ப காலத்துக்கு அப்புறம் அப்பத் தான் ஜெபம் பண்ணினேன். கோவமாத் தான் பண்ணினேன். "ஆண்டவரே, இதுக்கு மேல எனக்கு ஏலாது. எனக்குப் போடத் தெரிஞ்சது இந்தப் பக்கம் ஒன்னு தான். அவ இதுல நிக்கிறா. யார் கண்ணுலயாவது படட்டும்." ஆமென் கூடச் சொல்லலை. மறுபடி அமுக்கினேன். ஏறிருச்சு.

நூறு வருச ஆராதனை முடிஞ்சு சபையில எல்லாருக்கும் காட்டணும்ல, அதுக்காக கமிட்டிக்காரங்களைக் கடைக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். பக்கம் திறந்துச்சு. சபை பேருக்கு மேல ஒரு பட்டை. அதுல சீட்டுக்கட்டும் கையுமா ஒரு பொம்பளை கண்ணடிக்கிறா. ஏதோ சூதாட்டக் கம்பெனி விளம்பரம். தேவசகாயம் ஐயா தொப்பியைக் கழட்டிட்டு வெளிய போய் நின்னுட்டாரு. போதகர் ஐயா சிரிக்கிறதா வேணாமானு தெரியாம நின்னாங்க.

அது ஒன்னுனா பரவாயில்லை. ஒரு மாசம் போகலை, கொழும்புல இருக்கிற எங்க தலைமைச் சபையில இருந்து ஆள் பேசினாங்க. இப்படி ஒரு எஸ்டேட் எந்த லிஸ்ட்லயும் இல்லையே, இது எந்த சபைனு கேட்டாங்க. அப்பத் தான் எங்களுக்கே உறைச்சுச்சு. தோட்டத்துக்கு உண்மையான பேர் கிளென்வார்ட். கேட்டுல இருக்கிற பலகையில கிளென்வார்ட், சம்பளச் சீட்டுல கிளென்வார்ட், தொரை ஆபீஸ்ல கிளென்வார்ட். ஆனா லயத்துல பொறந்தவங்க ஒருத்தர் வாயிலயும் அந்தப் பேர் வராது. எங்க தாத்தா காலத்துல இருந்தே அது வெள்ளப்பாறை தான். மலைநாட்டுல எல்லாத் தோட்டத்துக்கும் இப்படி ரெண்டு பேர் இருக்குதானே. நான் எழுதினேன், போதகர் ஐயா பார்த்தாங்க, ஆபீஸ்ல வேலை செய்ற கிளாக்கர் ஐயா கூடப் பார்த்தாரு. ஒருத்தருக்கும் கிளென்வார்ட்னு போடணும்னு தோணலை!

2007 தொடங்கினதும் கமிட்டி கூடிச்சு. ஆண்டவர் பேருக்கு மேல சூதாட்டக்காரி, அதுக்குக் கீழ இல்லாத ஊர் பேர், ஊரே சிரிக்குதுனு தேவசகாயம் ஐயா சொன்னாரு. காசு சேர்ற வரைக்கும் அதை எடுத்துடணும்னு முடிவு. நான் சும்மா இருப்பேனா? பூசணிக்காய் காசுக்குப் பூசணிக்காய் அளவுக்குத் தான் வரும்னு சொல்லிட்டு எழும்பி வந்துட்டேன்.

மறுநாள் எடுக்கத் தான் உக்காந்தேன். அப்ப நெட் எவ்வளவு மெதுவுனு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், போட்டோ மேல இருந்து கீழ கொஞ்சம் கொஞ்சமா வரும். கோயில் கூரை வந்துச்சு. செலுவை வந்துச்சு. அப்புறம் தலைங்க. அப்புறம் ரூத்து நெத்தி, மூடின கண்ணு. எனக்குக் கை வரலை. அதை அழிச்சா அவளை நானே அழிக்கிற மாதிரி இருந்துச்சு. மூடி வச்சுட்டுப் போதகர் ஐயாகிட்டப் போய், என்னால முடியலைங்கையானு உடைச்சுச் சொன்னேன். ஐயா திட்டலை. ஈஸ்டர் வரைக்கும் இருக்கட்டும்மா, கமிட்டிக்கு நான் சொல்லிக்கிறேன்னாங்க.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்துல ஒரு வெள்ளிக்கிழமை. காலையில கடையைத் திறந்து கூட்டிக்கிட்டு இருந்தேன். போன் அடிச்சுச்சு. வெளிநாட்டுக் கோல்னு சத்தத்துலயே தெரிஞ்சுச்சு. ஒரு பொம்பளைக் குரல், இது வெள்ளப்பாறை சபையானு கேட்டுச்சு. போச்சுடா, இன்னொரு புகார்னு எனக்கு எரிச்சல். ஏற்கெனவே சில பேர் விளம்பரத்தைப் பத்திச் சொல்லியிருந்தாங்க. பேரை மாத்திடுறோம், விளம்பரத்தையும் எடுத்துடுறோம், கொஞ்சம் பொறுங்கனு வெடுக்குனு சொன்னேன்.

"ஐயோ, மாத்திராதீங்கக்கா. அந்தப் பேரை வச்சுத்தான் உங்களைக் கண்டுபிடிச்சேன்."

அவங்க நாகர்கோவில் பக்கத்து நர்ஸ். குவைத்துல ஒரு ஆஸ்பத்திரியில வேலை. அவங்க வார்டுல ஒரு பொண்ணு. ஒரு வருசத்துக்கும் முன்னால ஜன்னல் துடைக்கிறப்ப ஏணியில இருந்து விழுந்து, இடுப்பு எலும்பு உடைஞ்சு, தலையில அடிபட்டு வந்தவ. கொண்டு வந்து விட்ட வீட்டுக்காரங்க திரும்பி வரலை. பாஸ்போட்டுல கமலாதேவி, ஊரு வலப்பனைனு இருந்துச்சாம். வலப்பனை விலாசத்துக்குச் சொல்லி அனுப்பினா அங்க யாருக்கும் அவளைத் தெரியலையாம். ஏஜன்ட் படுபாவி வேற யாரோ பொண்ணு பேர்ல பாஸ்போட் எடுத்து, ஏர்போட்டுல வச்சுத் தான் அவ கையில குடுத்திருக்கான். வெளிய சொன்னா ஜெயில்னு பயங்காட்டியிருக்கான். அவளும் எங்ககிட்ட சொல்லலை. கொழும்புல இல்லைனு சொன்னதுக்குக் காரணம் அது தான்.

பேச்சு திரும்பி வந்தப்ப அந்தப் பொண்ணு தமிழ்ல முனகினாளாம். நர்ஸ் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்காங்க. பேர் கமலா இல்ல, ரூத்து. ஊரு வெள்ளப்பாறை. சர்ச்சு. ஹட்டன். வேற ஒன்னும் தெளிவா வரலை. போன் நம்பர் சொன்னா, அது பழைய நம்பர், செத்த லைன். தெரிஞ்சவங்க மூலமா விசாரிச்சுப் பார்த்திருக்காங்க, அப்படி ஒரு எஸ்டேட் லிஸ்ட்டுலயே இல்லைனு பதில். எப்படி இருக்கும்? கிளென்வார்ட்ங்கிற பேர் எனக்கே எழுத ஞாபகம் வரலை. தலை உடைஞ்சு கிடந்தவளுக்கு எங்க இருந்து வரும்?

அந்த நர்ஸும் ஆண்டவரை நம்புறவங்க. ஜெபம் பண்ணிட்டு, சும்மா ஒரு தடவை கம்பியூட்டர்ல வெள்ளப்பாறை, சர்ச், ஹட்டன்னு அடிச்சுப் பார்த்திருக்காங்க. வந்தது ஒரே ஒரு பக்கம். மேல சீட்டுக்கட்டுப் பொம்பளை, கீழ எங்க பாடகர் குழு. அதை பிரின்ட் எடுத்துக் கொண்டு போய்க் கட்டில்ல வச்சிருக்காங்க. ரூத்து முன் வரிசையில விரலை வச்சு, அம்மா, அம்மானு சொன்னாளாம்.

இவ்வளவும் அவங்க சொல்றாங்க, நான் தொடப்பத்தைக் கையில பிடிச்சபடி நிக்கிறேன். அவ பக்கத்துல தான் இருக்கா, குடுக்கிறேன், மெதுவாத் தான் பேசுவானு சொன்னாங்க. போன் கை மாறுற சத்தம். மூச்சுச் சத்தம். அப்புறம் என் தங்கச்சி பேசினா. ஒவ்வொரு சொல்லாப் பொறுக்கிப் பொறுக்கி பேசினா.

"அக்கா... அந்தப் போட்டோவையா போட்ட? நான் கண்ணை மூடிக்கிட்டுல்ல நிக்கிறேன்."

அது எங்க ரூத்து தான். உலகத்துல வேற யாரும் அந்த நேரத்துல அதைக் கேட்டிருக்க மாட்டாங்க. சிரிச்சேனா அழுதேனா தெரியலை, பக்கத்துக் கடைக்காரர் பயந்து ஓடி வந்துட்டாரு.

அம்மா அந்த நேரம் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தாங்க. கூட்டிக்கிட்டு வர்ற வரைக்கும் லைன்ல நிக்க முடியாது. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச நேரம் மறுபடி எடுக்கிறேன்னு நர்ஸ் சொன்னாங்க. திரீவில் பிடிச்சுத் தோட்டத்துக்குப் போய், அம்மா நின்ன மலைக்கே ஏறிப் போனேன். சொன்னேன். அம்மா கூடையை இறக்கி வச்சாங்க. என் மூஞ்சியைத் தடவிப் பார்த்தாங்க, பொய் சொல்றேனானு பார்க்கிற மாதிரி. அன்னைக்கு வெள்ளிக்கிழமை, அவங்க உபவாசம். சாயங்காலம் வரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்கலை.

ஞாயித்துக்கிழமை பாதிச் சபையே கடைக்கு வந்துருச்சு. தேவசகாயம் ஐயாவும் வந்தாரு. போன் அடிச்சதும் அம்மா வழக்கம் போல எழும்பி நின்னாங்க. நான் எடுத்து அவங்க காதுல வச்சேன். அந்தப் பக்கத்துல ரூத்து பேசுறது எங்களுக்குக் கேக்கலை. அம்மா ஒரு வார்த்தை பேசலை. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே நின்னாங்க. ஜெபத்துல என்ன கேட்டாங்களோ அது காதுக்குள்ள வந்துக்கிட்டு இருக்குதே, பேசிக் கெடுக்க மனசு வந்திருக்காது. கடைசியில தான், "சரி சாமி, வா"னாங்க.

"வா"னு சொன்ன உடனே வந்துடலை. பேர் ஒன்னு, ஆள் ஒன்னு. எத்தனை ஆபீஸ், எத்தனை தடவை கொழும்பு! போதகர் ஐயாவும் மாஸ்டரும் மாறி மாறி எங்க கூட அலைஞ்சாங்க. அங்க அந்த நர்ஸும் அவங்க ஜெபக் கூட்டத்து ஆளுங்களும் விடாம நின்னாங்க. அந்த வருசம் கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முன்னால ரூத்து வந்து சேர்ந்தா. ஒரு கால் இழுக்குது. பேச்சு இன்னும் கொஞ்சம் நிதானம் தான். கொண்டு வந்த பையில அந்த பிரின்ட் மட்டும் மடிப்பு மடிப்பாக் கிழிஞ்சு போய் இருந்துச்சு. கூரைத் தகரம் வரலை. பழைய தகரம் இன்னும் ஒழுகுது. ஒழுகட்டும்.

ஸ்தோத்திர ஆராதனையில தேவசகாயம் ஐயா ஜெபம் பண்ணினாரு. எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கிட்டே வந்து, கடைசியில கொஞ்சம் நிப்பாட்டினாரு. "ஆண்டவரே, சும்மா இடம் குடுத்த அந்தச் சூதாட்டக்காரனையும் ஒரு கண் பார்த்துக்குங்க. அவனுக்கும் நல்ல புத்தி குடுங்க"ன்னாரு. கோயிலே சிரிச்சுச்சு, அவரு சிரிக்கலை. மனசாரத் தான் கேட்டாரு.

அடுத்த அறுப்பின் பண்டிகையில அவர் தோட்டத்துப் பூசணிக்காய் மறுபடி சுத்தி வந்துச்சு. அந்தக் காசுல விளம்பரம் இல்லாத இடம் வாங்கினோம். கிளென்வார்ட்ங்கிற பேரையும் சேர்த்தோம், கீழ சின்ன எழுத்துல. மேல இருக்கிறது வெள்ளப்பாறை தான். போட்டோவை மாத்துவோமானு மாஸ்டர் கேட்டாரு. ரூத்து வேணாம்னுட்டா. யாராவது அதைப் பார்த்துட்டுக் கேட்டா, அப்ப நான் ஜெபத்துல இருந்தேன்னு பொய் சொல்றா. வெயில் அடிச்சு மூடினதுனு எனக்குத் தெரியும். சரி, சொல்லிட்டுப் போகட்டும்.

இதுக்கு அப்புறம் நான் திருந்திப் புனிதவதி ஆயிட்டேன்னு சொல்ல மாட்டேன். வாய் இன்னும் அப்படியே தான் இருக்கு. ஒன்னு மாறிச்சு. முந்தி ஜெபம்னா எல்லாம் சரியா இருக்கணும், மனசு சுத்தமா இருக்கணும், வார்த்தை நல்லா வரணும்னு நெனப்பேன். அப்படி வராததால தான் விட்டேன். இப்ப அப்படி இல்ல. நான் கோவத்துல கேட்டேன், பாதிப் பேரை மறந்து எழுதினேன், கெட்ட போட்டோவைப் போட்டேன், மேல ஒரு சூதாட்டக்காரி நின்னா. அது அத்தனையையும் ஆண்டவர் அப்படியே எடுத்துக்கிட்டாரு. நாங்க அன்னைக்குச் சரியான பேரை மட்டும் எழுதியிருந்தா, ரூத்து இன்னும் அங்க கமலாதேவியாத் தான் கிடந்திருப்பா.

இதை வாசிக்கிற உங்க வீட்டுலயும் யாராவது காணாமப் போய், சத்தம் இல்லாம இருக்கலாம். எனக்குத் தெரியும், மத்தவங்க ஆறுதல் சொன்னா எரிச்சல் தான் வரும். அதனால ஆறுதல் சொல்லலை. உங்களுக்கு எப்படி வருதோ அப்படிக் கேளுங்க, கோவமா வந்தா கோவமாவே கேளுங்க. கூட நின்னு ஜெபிக்க ஆள் வேணும்னா நம்ம சபை பக்கத்துல கீழ ஒரு நம்பர் இருக்கு, அதுக்கு எடுங்க. கொஞ்சம் மெதுவாத் தான் பேசும் அந்தப் பக்கம், அவசரப்பட்டு வெச்சிடாதீங்க. இப்ப அந்தப் போனை எடுக்கிறது ரூத்து தான்.